வடசென்னைப் பிள்ளைகளும் விடுபட்ட கொரோனா கணக்கும்

2020 ஜூன் மாதத் தொடக்கத்தில் ராயபுரத்திலிருந்து கிளம்பிய ஒரு செய்தி டெல்லி வரை போனது. ராயபுரத்திலுள்ள அரசுக் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் 35 பிள்ளைகளுக்குக் கொரோனா உறுதியாகியிருந்தது. காப்பகக் குழந்தைகளின் பாதுகாப்பு குறித்து அந்த ஆண்டு ஏப்ரலிலேயே தானாக முன்வந்து வழக்கு எடுத்திருந்த உச்ச நீதிமன்றம், இது எப்படி நடந்தது என்று ஜூன் 11ஆம் தேதி தமிழக அரசிடம் விளக்கம் கேட்டது.

அதே வாரங்களில் சென்னையின் 15 மண்டலங்களில் தொற்று எண்ணிக்கையில் ராயபுரம்தான் முதலிடம். தினமும் மாலையில் வெளியான சுகாதாரத் துறை அறிக்கையிலோ, 12 வயது வரையிலான குழந்தைகளின் பங்கு மாநில மொத்தத்தில் ஐந்து விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. தமிழகத்தில் 14 வயது வரையிலானவர்கள் மக்கள்தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அப்படியிருக்க, நோயாளிகளில் இவ்வளவு குறைவா? “புள்ளைங்களுக்கெல்லாம் அது அவ்வளவா வராது” என்று தெருவில் பேசிக்கொண்டதற்கும், சில மருத்துவர்களே அதை ஆமோதித்ததற்கும் இந்தச் சிறிய எண்தான் ஆதாரம்.

காப்பகம் என்பது ஒரே கூரை, அடுத்தடுத்த படுக்கை. அங்கே நோய் வேகமாகப் பரவியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் இன்னொரு வேறுபாடும் உண்டு. காப்பகத்தில் காய்ச்சல் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், உடனிருந்தவர்கள் என்பதற்காகவே பிள்ளைகளுக்குச் சோதனை நடந்தது. வெளியே, புதுவண்ணாரப்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ தன் வீட்டில் இருந்த பிள்ளைக்கு அப்படி நடக்கவில்லை. காசிமேட்டில் கேட்டால் சொல்வார்கள், வலைக்கண் எவ்வளவு பெரிதோ அதற்கேற்ற மீன்தான் வலையில் நிற்கும். சின்ன மீன் வலையில் இல்லை என்பதால் கடலில் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கொரோனா சோதனையின் வலைக்கண் பெரியவர்களுக்காகப் பின்னப்பட்டது. குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் பற்றிய எந்த எண்ணைப் படித்தாலும் இதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

ஒரு பிள்ளையின் மூக்கில் ஸ்வாப் குச்சி நுழைய வேண்டுமானால் என்னென்ன நடந்திருக்க வேண்டும் என்று பார்ப்போம். வீட்டில் பெரியவர் ஒருவருக்கு உறுதியாகி, மாநகராட்சி ஆட்கள் வந்து “கூட இருந்தவங்க எத்தனை பேர்?” என்று கேட்டு எழுதியிருக்க வேண்டும். அல்லது பிள்ளைக்கே காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்து, அம்மா ஓ.பி. சீட்டு போட்டு, மருத்துவர் “எடுத்துப் பார்த்துடலாம்” என்று சொல்லியிருக்க வேண்டும். இவை இரண்டும் இல்லையென்றால், வேறு நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதோ அறுவை சிகிச்சைக்கு முன்போ வழக்கப்படி எடுத்திருப்பார்கள். கொரோனா பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு மூன்று நாள் காய்ச்சல், மூக்கொழுகல், சில சமயம் வாந்தி பேதியோடு முடிந்துவிடும். பலருக்கு அதுவும் இருக்காது. ஆகவே ஓ.பி. வழியில் சோதனைக்கு வந்து சேர்ந்த பிள்ளைகள் நோய் கண்ட பிள்ளைகளில் ஒரு சிறு பகுதியினரே.

ஓ.பி. வழியும் ஒரே அகலத்தில் இருக்கவில்லை. யாருக்குச் சோதிக்கலாம் என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மாற்றிக்கொண்டே வந்தது. தமிழகத்தின் முதல் நோயாளி 2020 மார்ச் 7 அன்று உறுதியானபோது, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் அவர்களோடு பழகியவர்களுக்கும்தான் சோதனை. ஏப்ரல் 9ஆம் தேதிக்குப் பிறகே, தொற்று மிகுந்த பகுதிகளில் காய்ச்சல், இருமலோடு வருகிறவர்களையும் சோதிக்கலாம் என்று விதி வந்தது. மே, ஜூன் மாதங்களில் சென்னை மாநகராட்சி தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் போட்டது. வீடு வீடாகப் போய் விசாரிக்க ஆயிரக்கணக்கில் களப்பணியாளர்களை அமர்த்தியது. வடசென்னையில் எண்ணிக்கை உயர்ந்ததற்கு நோய் மட்டும் காரணமில்லை, தேடிப் போனதும் ஒரு காரணம். தேடியவர்கள் முதலில் தேடியது சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள முதியவர்களை. உயிரிழப்பைத் தடுப்பதுதான் அன்று முதல் வேலை என்பதால் அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். தவறு பின்னால் நேர்ந்தது. முதியவர்களைத் தேடிக் கிடைத்த எண்ணை வைத்துக்கொண்டு குழந்தைகளைப் பற்றி முடிவு சொன்னார்கள்.

2020 செப்டம்பர் 4 அன்று, கேட்பவர்களுக்கும் சோதனை செய்யலாம் என்று வழி திறந்தது. 2021 மே மாதம் இரண்டாம் அலை. மே 21ஆம் தேதி ஒரே நாளில் தமிழகத்தில் 36,184 பேருக்கு உறுதியானது. ஆய்வகங்கள் திணறிய அந்த நாட்களில் வீட்டில் அப்பா அம்மாவுக்கு உறுதியாகிவிட்டால், இருமும் பிள்ளைக்குத் தனியாகச் சோதனை எதற்கு, இருப்பதாகவே வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் பல வீடுகளின் கணக்கு. அடுத்து ஒமைக்ரான். 2022 ஜனவரி 10 அன்று வந்த புதிய அறிவுரை, அறிகுறி இல்லாதவர்களுக்குச் சோதனை வேண்டாம், தொடர்பில் இருந்தவர்களுக்கும் வயதாலோ இணைநோயாலோ ஆபத்து அதிகம் என்றால் மட்டுமே சோதனை என்றது. ஆரோக்கியமான ஒரு பத்து வயதுப் பிள்ளை இந்த விதியோடு கணக்கிலிருந்து கிட்டத்தட்ட வெளியேறிவிட்டது. அந்த மாதம் தமிழகத்தின் தினசரி எண்ணிக்கை முப்பதாயிரத்தைத் தொட்டது. அதை 2021 மே மாதத்தின் முப்பத்தாறாயிரத்தோடு வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்கள், இடையில் விதி மாறியதைச் சொல்வதில்லை.

இங்கே ‘பாசிட்டிவிட்டி’ என்ற விகிதத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். சோதித்தவர்களில் எத்தனை பேருக்கு நோய் இருந்தது என்பதே அது. ஒரு பேச்சுக்கு, ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சலோடு வந்த 200 பிள்ளைகளையும் சோதித்து 20 பேருக்கு உறுதியானால் விகிதம் பத்து. அடுத்த மாதம் மிகவும் மோசமாக இருந்த 40 பேரை மட்டும் சோதித்து 12 பேருக்கு உறுதியானால் விகிதம் முப்பது. எண்ணிக்கை குறைந்திருக்கிறது, விகிதம் மூன்று மடங்காகியிருக்கிறது. நோய் ஏறியதா இறங்கியதா? இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. எத்தனை பேருக்குச் சோதித்தோம், யாரைத் தேர்ந்தெடுத்தோம் என்ற இரண்டும் கூடவே வர வேண்டும். தமிழக அறிக்கையில் அன்றன்றைய மொத்தச் சோதனை எண்ணிக்கை இருந்தது. அதில் குழந்தைகள் எத்தனை பேர் என்பது இல்லை.

இதைவிட எனக்கு ஆற்றாமை தருவது அந்த அறிக்கையின் வயதுப் பிரிவுதான். 0 முதல் 12 ஒரு கட்டம், 13 முதல் 60 ஒரு கட்டம், 60க்கு மேல் ஒரு கட்டம். எட்டாம் வகுப்புப் படிக்கும் பையனும், துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டும் அவன் அப்பாவும், ஓய்வு பெறப் போகும் அவன் பெரியப்பாவும் ஒரே கட்டத்தில். வளரிளம் பருவத்தினருக்கு எவ்வளவு தொற்று என்று அந்த அறிக்கையைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. சென்னை மாநகராட்சி தன் தினசரிப் படங்களில் பத்துப் பத்து வயதாகப் பிரித்துக் காட்டியது. அது கொஞ்சம் மேல். ஆனாலும் 10 முதல் 19 என்றால் ஐந்தாம் வகுப்புக் குழந்தையும் வேலைக்குப் போகும் இளைஞனும் சேர்ந்துவிடுகிறார்கள். பள்ளிகளைத் திறக்கலாமா என்று மாநிலமே விவாதித்த காலத்தில், 9 முதல் 12ஆம் வகுப்பு வரை 2021 செப்டம்பர் 1 அன்றும், கீழ் வகுப்புகள் நவம்பர் 1 அன்றும் திறக்கப்பட்ட அந்தக் காலத்தில், பள்ளி வயதினருக்கென்று ஒரு தனிக் கட்டம் அறிக்கையில் இல்லாமல் போனது.

சோதனை தவறவிட்டதைக் கண்டுபிடிக்க வேறொரு வழி இருக்கிறது: ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்ப்பது. ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனை இன்று உடலில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும். எதிர்ப்பொருள் சோதனை, முன்பு எப்போதாவது வந்து போனதா என்று பார்க்கும். 2020 ஜூலையில் சென்னையில், அயப்பாக்கத்திலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் மாநகராட்சியும் சேர்ந்து பத்து வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இப்படி ஓர் ஆய்வு செய்தன. நகரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நோய் வந்து போயிருந்தது தெரிந்தது. தண்டையார்பேட்டை மண்டலத்தில் அது 40 விழுக்காட்டைத் தாண்டியது, ராயபுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. சோதனையில் சிக்கியவர்கள் உண்மையில் தொற்று கண்டவர்களில் மிகச் சிறு பகுதி என்பது அப்போதே வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.

குழந்தைகளைப் பற்றிய தெளிவு அடுத்த ஆண்டுதான் கிடைத்தது. 2021 ஜூன், ஜூலையில் நடந்த நான்காவது தேசிய எதிர்ப்பொருள் ஆய்வு முதன்முறையாக 6 வயது முதல் சேர்த்துக்கொண்டது. 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 விழுக்காடு, 10 முதல் 17 வயதில் 61.6 விழுக்காடு, எல்லா வயதும் சேர்த்து 67.6 விழுக்காடு. அப்போது குழந்தைகள் யாருக்கும் தடுப்பூசி கிடையாது. 15 வயதானவர்களுக்கே 2022 ஜனவரி 3 முதல்தான், 12 வயதினருக்கு மார்ச் 16 முதல்தான் போட்டார்கள். ஆகவே பிள்ளைகளின் உடலில் இருந்த எதிர்ப்பொருள் முழுவதும் நோய் வந்ததால் உண்டானது. பெரியவர்களுக்கு எவ்வளவு வந்ததோ, பிள்ளைகளுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு வந்திருந்தது. “அவ்வளவா வராது” என்ற பேச்சு அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

பிள்ளைகளிடமிருந்து பரவுமா என்பதிலும் தமிழகத்தின் தரவே உலகத்துக்குப் பாடம் சொன்னது. தமிழகத்திலும் ஆந்திராவிலும் தொற்று உறுதியான 84,965 பேரோடு பழகிய 5,75,071 பேரைப் பின்தொடர்ந்த தகவல்களை ரமணன் லட்சுமிநாராயணன் தலைமையிலான குழு ஆராய்ந்து, 2020 செப்டம்பர் 30 அன்று ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. அப்போதைய தமிழகச் சுகாதாரச் செயலர் ஜெ. ராதாகிருஷ்ணனும் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். நோய் கண்டவர்களில் 70 விழுக்காட்டினர் தம்மோடு பழகிய யாருக்கும் தொற்றவைத்ததாகத் தெரியவில்லை. மிகச் சிலரே பலருக்குப் பரப்பினார்கள். ஒத்த வயதினருக்கிடையே பரவல் அதிகம், அதிலும் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கிடையே அது தூக்கலாகத் தெரிந்தது என்பது அதன் இன்னொரு முடிவு. பள்ளிகள் மூடியிருந்த மாதங்களின் தரவு இது. ராயபுரம் காப்பகத்தை இதோடு சேர்த்துப் பார்த்தால் அங்கு நடந்தது வியப்பாக இருக்காது.

இனி வடசென்னைக்கே உரிய சிக்கல். வேறு ஊரில் பிள்ளை இருமினால் அது செய்தி. எண்ணூரில் இருமினால் அது வழக்கம். அனல்மின் நிலையங்களின் சாம்பல், மணலியின் சுத்திகரிப்பு ஆலைகள், நிலக்கரித் தூசி, எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகள் என்று ஆண்டு முழுவதும் மூச்சுக்குழலுக்கு வேலை இருக்கிறது. 2023 டிசம்பர் 26 இரவு உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியதும், 2024 அக்டோபரில் திருவொற்றியூர்ப் பள்ளி ஒன்றில் மாணவிகள் தொண்டை எரிச்சலும் மயக்கமுமாக ஆஸ்பத்திரிக்குப் போனதும் இந்த வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. இப்படிப்பட்ட இடத்தில் ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்கு, இருமும் பிள்ளையைப் பார்த்ததும் முதலில் தோன்றுவது வீசிங். நெபுலைசர் வைத்து, மருந்து எழுதி, “மூணு நாள்ல குறையலைன்னா வாங்கம்மா” என்று அனுப்புவார். பத்தில் ஒன்பது முறை அது சரியாகவும் இருக்கும். பத்தாவது பிள்ளை கொரோனாவோடு வீட்டுக்குத் திரும்பியிருக்கும். பாட்டி அதே அறையில் படுத்திருப்பார்.

குடும்பங்களும் சோதனையை விரும்பவில்லை, அதற்கு வலுவான காரணங்கள் இருந்தன. 2020இல் ஒரு வீட்டில் உறுதியானால் வாசலில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், தகரம் வைத்து அடைப்பார்கள். மீன் ஏலத்துக்கோ லோடு இறக்கவோ போகாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாத வீட்டில், பிள்ளையின் மூக்கொழுகலுக்காக அந்த ஆபத்தை யார் விலைக்கு வாங்குவார்கள்? அரசிடத்தில் சோதனை இலவசம்தான். தனியாரிடம் தொடக்கத்தில் உச்சவரம்பே 4,500 ரூபாய். தமிழக அரசு படிப்படியாகக் குறைத்து 2021 மே மாதத்தில் 900 ஆக்கியது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அதுவும் ஒரு வாரச் சம்பளத்தில் கைவைக்கும் தொகை. இந்தக் காரணங்களையெல்லாம் ‘விழிப்புணர்வு இல்லை’ என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுவது அநியாயம்.

இலேசான நோய்தானே, கண்டுபிடிக்காமல் போனால் என்ன என்று கேட்கலாம். பெரும்பாலும் ஒன்றும் இல்லைதான். விலக்கு ஒன்று உண்டு, அதற்காகத்தான் இந்தக் கட்டுரையே. சில பிள்ளைகளுக்குக் கொரோனா வந்து போய் இரண்டு முதல் ஆறு வாரம் கழித்து, உடலின் எதிர்ப்பாற்றலே பல உறுப்புகளைத் தாக்கும் ஒரு நிலை வரும். அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி மிஸ்-சி என்கிறார்கள். மூன்று நாளைத் தாண்டும் காய்ச்சல், கண் சிவத்தல், உடலில் தடிப்பு, கடும் வயிற்றுவலி, வாந்தி பேதி. பிறகு ரத்த அழுத்தம் இறங்கும், இதயம் பலவீனமாகும். உலக சுகாதார நிறுவனம் 2020 மே 15 அன்று இதற்கு இலக்கணம் வகுத்தது. ஏறக்குறைய அதே நேரத்தில் சென்னை காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனையின் மருத்துவர்கள் இப்படிப்பட்ட ஒரு சிறுவனைக் குணப்படுத்தி அதை இந்தியக் குழந்தை மருத்துவ இதழில் எழுதினார்கள். இந்தியாவிலிருந்து வந்த முதல் பதிவுகளில் அதுவும் ஒன்று. மிஸ்-சி நிலையில் ஆர்.டி.-பி.சி.ஆர். பெரும்பாலும் நெகட்டிவ் என்றே வரும், ஏனென்றால் வைரஸ் போய்விட்டது. எதிர்ப்பொருள் சோதனையும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. போன்ற ரத்தச் சோதனைகளும்தான் கைகொடுக்கும். அந்த நேரத்தில் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, “போன மாசம் வீட்ல யாருக்காவது காய்ச்சல் இருந்துச்சா?” சரியான பதில் கிடைத்தால் சிகிச்சை ஒரு நாள் முன்னால் தொடங்கும். ஸ்வாப் நெகட்டிவ் என்று நிம்மதியாகி வீட்டுக்குப் போய்விட்டால் அந்த நாள் போய்விடும்.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று கொரோனா அவசரநிலையை முடித்துக்கொண்டது. வைரஸ் போய்விடவில்லை, மற்றச் சளிக்காய்ச்சல்களோடு கலந்துவிட்டது. 2022 செப்டம்பரில் புதுச்சேரியில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளை மூடவைத்தது இன்ஃப்ளூயன்சா. மழைக்காலம் வந்தால் ஓ.பி.யில் மருத்துவர் முதலில் கேட்பது டெங்குவுக்கான ரத்தச் சோதனை. அதில் பிழையில்லை, இங்கே டெங்கு பிள்ளைகளின் உயிரைப் பறிக்கும் நோய். இன்று வெளிநோயாளியாக வரும் பிள்ளைக்குக் கொரோனா சோதனை அரிதாகத்தான் செய்கிறார்கள். எல்லாப் பிள்ளைக்கும் செய்ய வேண்டிய அவசியமும் இல்லை.

யாருக்கு வேண்டும் என்று கேட்டால், என் பதில் இது. வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவரோ, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரோ, மிகவும் வயதானவரோ இருந்தால், பிள்ளையின் காய்ச்சல் எதனால் என்று தெரிந்துகொள்வது பயன்தரும். மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். பிள்ளைக்கே இதயக் குறையோ கடும் ஆஸ்துமாவோ எதிர்ப்பாற்றல் குறைவோ இருந்தாலும் அப்படித்தான். மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சலோடு கண் சிவந்து வயிறு வலித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தோடு நிற்காமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். மூச்சை எண்ணத் தெரிந்துவைத்துக்கொள்வது எந்தக் கருவியைவிடவும் உதவும். பிள்ளை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, அதற்கு மேல் 30 என்ற அளவைத் தொட்டாலோ தாண்டினாலோ காத்திருக்கக் கூடாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 94க்குக் கீழே காட்டினாலும் அதேதான். இலேசான கொரோனாவுக்கு ஸ்டீராய்டு வேண்டாம், 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு ரெம்டெசிவிர் வேண்டாம், தேவையில்லாமல் நெஞ்சு சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் 2021 ஜூனிலேயே சொல்லிவிட்டது. யாராவது எழுதிக் கொடுத்தால் ஏன் என்று கேட்கலாம்.

பழைய சோதனைச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். எந்தத் தேதியில் எந்தச் சோதனை, என்ன முடிவு என்று தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் எழுதிவைத்தாலே போதும்.

சுகாதாரத் துறைக்கும் மாநகராட்சிக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எந்தத் தொற்று வந்தாலும், 13 வயதுப் பிள்ளையை 60 வயதுக்காரரோடு ஒரே கட்டத்தில் போடாதீர்கள். ஐந்து வயதுக்குக் கீழ், 5 முதல் 12, 13 முதல் 17 என்று பிரியுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேருக்குச் சோதித்தீர்கள் என்பதை, எத்தனை பேருக்கு உறுதியானது என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே, மண்டலவாரியாக வெளியிடுங்கள். திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, ராயபுரம் என்று ஓ.பி. பதிவேடுகளில் இந்தத் தகவல் ஏற்கெனவே எழுதப்படுகிறது. அதைக் கூட்டிச் சொன்னால் போதும்.